டோகோ, பால்டோ, இடுப்பில் கட்டிய கயிறு

இது பயணக் கட்டுரை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செப்டம்பரில் ஃபின்லாந்தின் வடக்கே முவோனியோ பக்கம் ஒரு நாய்ப்பண்ணைக்குப் போய், ஹஸ்கி நாய்களோடு காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தோம். நான், மனைவி, 11 வயது மகள். அங்கே வழிகாட்டி சொன்ன ஒரு கதையும், அதைக் கேட்டுவிட்டு மகள் கேட்ட ஒரு கேள்வியும் மனசில் தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்து மூன்று படங்களைத் திரும்பப் பார்த்தேன், ஒரு நாவலைத் திரும்பப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் கீழே வருகின்றன. நான் திரைப்பட விமர்சகனும் இல்லை, விலங்கியல் படித்தவனும் இல்லை. பிஈ முடித்துவிட்டு 20 வருஷமாக சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறவன். அந்தப் பார்வைதான் இதிலும் இருக்கும்.

முதலில் நடை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பனிக்காலத்தில் சறுக்குவண்டி இழுக்கிற அதே நாய்கள்தான். உங்கள் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றை மாட்டுகிறார்கள். அதிலிருந்து ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் ஒரு கயிறு, அதன் மறுமுனை நாயின் மார்புப் பட்டையில். கையில் ஒன்றும் பிடிக்க வேண்டாம். ஏற்றத்தில் நாய் இழுக்கிற இழுப்பில் நமக்குப் பாதி வேலை மிச்சம். இறக்கத்தில் மட்டும் நாயைப் பின்னால் வரவைக்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் மூக்கு உடையும். பிர்ச் மர இலையெல்லாம் மஞ்சளாகி, தரையில் சின்னச் செடிகள் சிவந்து கிடந்தன. 'ருஸ்கா' என்கிறார்கள் அந்தப் பருவத்தை. 8 டிகிரி குளிர் எனக்கு ஜாக்கெட், நாய்க்கு வெயில். ஹஸ்கிக்கு வெப்பம்தான் எதிரி. அதனால் கோடையில் இந்த நாய்களுக்குப் பெரிய ஓட்டம் கிடையாது, நடை மட்டும்தான்.

"நீங்க நாயைக் கூட்டிட்டுப் போகலை, நாய்தான் உங்களைக் கூட்டிட்டுப் போகுது" என்று வழிகாட்டி சொன்னார். எல்லோரும் சிரித்தோம். தினமும் நாலு தடவை சொல்கிற வசனமாக இருக்க வேண்டும்.

பாதி வழியில் 'கோட்டா' என்கிற கூம்பு வடிவ மரக்குடிசை. நடுவில் நெருப்பு, அதில் காபி. அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கதை. 1925, அலாஸ்காவின் நோம் நகரம், குழந்தைகளுக்கு டிப்தீரியா. மருந்து வர வழியில்லை, பனிப்புயல். அப்போது பால்டோ என்ற நாய் ஊரையே காப்பாற்றியது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதற்குச் சிலை உண்டு.

சிலை இருப்பது உண்மை. அதே 1925 டிசம்பரில், பால்டோ உயிரோடு இருக்கும்போதே வைத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் முக்கால் உண்மை. நெனானா ரயில் நிலையத்திலிருந்து நோம் வரை 674 மைல். அதை ஐந்தரை நாளில் ஓடியது ஒரு வண்டி அல்ல. 20 வண்டியோட்டிகள், சுமார் 150 நாய்கள், கைமாற்றிக் கைமாற்றி. அந்த ஓட்டிகளில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடிகள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. பால்டோ முன்னால் நின்று இழுத்தது கடைசிக் கட்டம், ஏறக்குறைய 53 மைல். லியோன்ஹார்ட் செப்பாலா என்ற நார்வேக்காரர், 12 வயது டோகோவை முன்னால் வைத்துப் போனதும் வந்ததுமாக ஓடியது 260 மைலுக்கு மேல், அதிலும் உறைந்த கடலின் மேல். ஆனால் ஊருக்குள் வந்து நின்ற வண்டி பால்டோவுடையது, புகைப்படமும் அதற்குத்தான். ஆபீஸில் ரிலீஸ் மெயிலை யார் அனுப்புகிறாரோ அவர் பெயர் நிற்கிற மாதிரி. (வேடிக்கை என்னவென்றால் பால்டோவும் செப்பாலா பண்ணை நாய்தான். அதை அவர் பெரிதாக மதித்ததில்லை.)

1995-இல் வந்த பால்டோ கார்ட்டூன் படத்தை மகளோடு திரும்பப் பார்த்தேன். 20 வண்டிகள் ஒரே வண்டியாகிவிட்டன. டோகோ இல்லை. பால்டோ பாதி ஓநாயாம். நிஜ பால்டோவுக்குச் சின்ன வயதிலேயே காயடித்துவிட்டார்கள், அதற்குப் பிற்பாடு வந்த படத்தில் குட்டிகள் வேறு! குழந்தைகள் படம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் நிஜ பால்டோவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது படத்தில் இல்லை பாருங்கள், அதை விடமுடியவில்லை. ஊர் ஊராக மேடையேற்றினார்கள், பிறகு கைமாறி லாஸ் ஏஞ்சலீஸில் காசு கொடுத்து எட்டிப் பார்க்கும் ஒரு மலிவுக் காட்சிசாலையில் கட்டிக் கிடந்தது. 1927-இல் கிளீவ்லாந்து மக்கள், பள்ளிக் குழந்தைகள் உட்பட, 2000 டாலர் திரட்டி அதையும் கூட இருந்த ஆறு நாய்களையும் மீட்டார்கள். சிலை வைத்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

டிஸ்னியின் டோகோ (2019) இதைவிடப் பல மடங்கு நல்ல படம். வில்லெம் டஃபோ செப்பாலாவாக வருகிறார். எனக்குப் பிடித்தது புயல் காட்சிகள் இல்லை, ஃப்ளாஷ்பேக்தான். குட்டியாக இருக்கும்போது டோகோ ஒரு தொல்லை. இது வேலைக்காகாது என்று செப்பாலா யாருக்கோ கொடுத்துவிடுகிறார், அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. இது நிஜமாகவே நடந்ததாகச் சொல்லப்படுவது. ஒரு பண்ணைக்காரர் நாயை எப்படிப் பார்ப்பார், எதைக் கழித்துக்கட்டுவார் என்பது படத்தில் கொஞ்சமாவது தெரிவது அந்த இடத்தில்தான். ஆனால் பால்டோவுக்குச் செய்த அநியாயத்தை டோகோவுக்குச் சரிசெய்கிறேன் என்று கிளம்பிய படம், ஒரு ஹீரோவை இறக்கிவிட்டு இன்னொரு ஹீரோவை ஏற்றியதோடு நின்றுவிட்டது. மிச்சம் 148 நாய்கள் அப்படியே பின்னணியில்தான். டோகோவும் கடைசிக் காலத்தில் அலாஸ்காவில் இல்லை. நாலாயிரம் மைல் தள்ளி மெய்ன் மாநிலத்தில் ஒரு நாய்ப்பண்ணையில் இருந்து 1929-இல் இறந்தது.

இங்கேதான் ஜாக் லண்டன் ஆச்சரியப்படுத்தினார். 'கால் ஆஃப் தி வைல்ட்' (1903) கல்லூரியில் படித்தபோது எனக்கு அது ஒரு நாய் காட்டுக்குத் திரும்பும் சாகசக் கதை. இப்போது படித்தால் முதல் முக்கால்வாசி வியாபாரக் கதை! க்ளோண்டைக்கில் தங்கம் கிடைத்ததால் நாய்க்கு விலை ஏறுகிறது. சூதாட்டக் கடன்காரத் தோட்டக்காரன் ஒருவன் பக் என்ற நாயைத் திருடி விற்கிறான். கை மாறுகிறது, விலை 300 டாலர் வருகிறது. ஐந்து மாதத்துக்குள் 2500 மைல் இழுத்து நாய்களெல்லாம் எலும்பாகி நிற்கும்போது அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதில்லை, புது நாய்களைக் கொண்டுவந்து பழையதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் ஒன்றும் தெரியாத மூன்று பேர். முதலில் தீனியை அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் பட்டினி போடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தின் ஓநாய்க் கனவும், பூர்வகுடிகளை அவர் காட்டும் விதமும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் நாய் என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி என்பதை மறைக்காத ஆள் அவர். 2020-இல் வந்த ஹாரிசன் ஃபோர்டு படத்தில் பக் முழுக்கக் கணினியில் செய்த நாய். அதற்குத் தீனியும் வேண்டாம், ஓய்வும் வேண்டாம். தொழில்நுட்பக்காரனாகப் பாராட்டலாம், வேறு எதற்கும் இல்லை.

அதே நாவலில் டேவ் என்றொரு நாய் வரும். நோய்வாய்ப்பட்டு நடக்கக்கூட முடியாத நிலையிலும், வண்டியில் தன் இடத்தை வேறு நாய்க்குக் கொடுத்தால் தாங்காது. தன்னைக் கட்டச் சொல்லி அழும். கடைசியில் சுட்டுவிடுகிறார்கள். "இதுங்களுக்கு ஓடறதுன்னா உயிர்" என்று இன்றைக்கு எல்லாப் பண்ணையிலும் சொல்கிற வாக்கியம் இருக்கிறதே, அதன் இலக்கிய வடிவம் டேவ். வாக்கியம் பொய் இல்லை. பட்டையை எடுத்ததுமே மொத்தப் பண்ணையும் போட்ட கூச்சலைக் காதால் கேட்டேன், என்னை என்னைக் கூட்டிட்டுப் போ என்று குதித்தன. ஆனால் லண்டன் அந்த ஆசையையும் காட்டுகிறார், அந்த ஆசை யாருக்கு லாபம் என்பதையும் காட்டுகிறார். பண்ணை முதல் பாதியை மட்டும் சொல்கிறது.

என் விமர்சனம் எளிமையானது. படம் 150 நாயை ஒரு நாயாக்கியது. இந்த நடை ஒரு பண்ணையை ஒரு நாயாக்குகிறது. சறுக்குவண்டி நாய் கூட்டமாக வேலை செய்கிற ஜீவன். அதிலிருந்து ஒன்றைப் பிரித்து, பெயர் சொல்லி, இடுப்பில் கட்டி, 'இன்றைக்கு இது உங்கள் தோழன்' என்று கொடுக்கும்போது அது ஒன்றரை மணி நேரத்துக்கு நம் வீட்டு நாய் ஆகிவிடுகிறது. மனசு நிறைகிறது. பின்னால் இருக்கிற மற்றவை கண்ணில் படுவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பரில் ஒரே நேரத்தில் 40 பேருக்குச் சவாரி என்றால், இரண்டு பேருக்கு ஒரு வண்டி, 20 வண்டி, வண்டிக்கு ஐந்து நாய் என்றாலே 100. ஓய்வு நாள், காயம், குட்டி, கிழடு எல்லாம் சேர்த்தால் இன்னும் மேலே. நாலைந்து மாத சீசனுக்காக 12 மாதம் தீனி. எங்கள் தொழிலில் தீபாவளி விற்பனைக்குக் கூடுதல் சர்வர் எடுத்தால் மறுநாள் அணைத்துவிடலாம். நாயை அணைக்க முடியாது.

அணைத்தும் இருக்கிறார்கள். கனடாவின் விஸ்லரில் 2010 ஒலிம்பிக் முடிந்து கூட்டம் வடிந்ததும் ஒரு சவாரி நிறுவனத்தின் நாய்கள் கொல்லப்பட்டன. கொன்ற ஊழியர் மனம் உடைந்துபோய் இழப்பீடு கேட்டு மனு போட்டதால்தான் அடுத்த வருஷம் விஷயம் வெளியே வந்தது. மனுவில் இருந்த எண்ணிக்கை சுமார் 100. விசாரணையில் தோண்டியெடுத்தது 50-க்கு மேல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த நாய்களுக்கென்று தனி விதிமுறை வந்தது அதற்கு அப்புறம்தான். ஃபெர்ன் லெவிட் எடுத்த 'ஸ்லெட் டாக்ஸ்' (2016) ஆவணப்படம் இந்த உலகத்தைக் காட்டுகிறது. பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை. ஆனாலும் அது ஒரு வழக்கறிஞரின் படம். ஒழுங்காக நடக்கிற பண்ணை எப்படி இருக்கும் என்பதில் அதற்கு ஆர்வம் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கோபப்பட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. கோட்டாவில் நெருப்பு, அலாஸ்காக் கதை, பக்கத்தில் ஹஸ்கி என்றால் நமக்கு இது அந்த மண்ணின் ஆதிப் பழக்கம் என்று தோன்றும். அப்படி இல்லை. லாப்லாந்தில் சாமி மக்களும் (நம்ம ஊர் சாமி இல்லை, அந்த இனத்தின் பெயரே அதுதான்) அந்தப் பகுதி ஃபின்னியர்களும் காலங்காலமாக வண்டி கட்டியது ரெயின்டீரைத்தான். ஹஸ்கி சைபீரியாவின் சுக்சி மக்களுடையது. நோம் நகரப் பந்தயத்துக்கு அது வந்ததே 1909 வாக்கில். லாப்லாந்தின் நாய்ச் சவாரி சுற்றுலாவோடு வளர்ந்த சில பத்தாண்டுக் கதை. ரெயின்டீர் கண்ணில் பட்டால் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கச் சொன்னார் வழிகாட்டி. ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அது யாரோ ஒருவருடைய மந்தை.

மகள் கேட்டது இதுதான்: "வயசான நாயெல்லாம் எங்கே போகும்?" நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். வழிகாட்டி சின்னப் பெண், வேறு நாட்டிலிருந்து சீசன் வேலைக்கு வந்தவர். அதுவரை மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் நிறுத்தினார். சிலது இங்கேயே இருக்கும், இதோ வாசலில் படுத்திருக்கே அது மாதிரி, சிலதை வீட்டுக்கு வளர்க்கக் கொடுப்போம் என்றார். எல்லாத்துக்கும் வீடு கிடைக்குமா என்றாள் மகள். "எல்லாத்துக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேட்ட மிக நல்ல வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். பால்டோ கதையை விட்டுவிட்டு அதிலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

அப்போ போகலாமா வேண்டாமா என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். போகலாம் என்றுதான் சொன்னேன், ஆனால் டிசம்பரில் இல்லை, செப்டம்பரில். சவாரி இல்லாத மாதத்தில் வருகிற காசுதான் தீனிக்கு ஆகும். கூட்டம் இல்லாத நாளில் பண்ணை எப்படி இருக்கிறது, நாய் எங்கே தூங்குகிறது, சங்கிலியா கூண்டா என்பதும் அப்போது கண்ணுக்குத் தெரியும். பதிவு செய்யும்போதே எத்தனை நாய், போன வருஷம் எத்தனை ஓய்வு பெற்றது, அவை எங்கே என்று கேளுங்கள் என்றேன். "இதெல்லாமா கேப்பாங்க?" என்றார். என் மகள் கேட்டாள்.

எங்கள் நாயை அவிழ்த்து அதன் இடத்தில் விட்டபோது மகள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டாள். நாய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பெட்டியின் கூரைமேல் ஏறி, பக்கத்துப் பெட்டி நாயைப் பார்த்து ஊளையிட்டது. அது பதிலுக்கு ஊளையிட, ஒரு நிமிஷத்தில் பண்ணை மொத்தமும் சேர்ந்துகொண்டது.