இலையும் விகுதியும்

கதேயைக் கவிஞராக அறிந்தோர் பலர். செடிகளின் வடிவத்தைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலைப் படித்தோர் சிலரே. ‘தாவரங்களின் உருமாற்றம்’ என்னும் அந்நூல் 1790இல் வெளிவந்தது. எண்ணிட்ட 123 குறும்பத்திகள். படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய பதிப்பாளர் ஏற்க மறுத்ததால், கோத்தா நகரில் வேறொருவர் அச்சிட்டார். அண்மையில் அதனை ஆங்கில வழியே மீண்டும் படித்தோம். முடித்தபோது, செடியை விட்டு மொழியைப் பற்றிய ஓர் உறுத்தல் நம் மனத்தில் எஞ்சியது. அதனையே இங்கு எழுதத் துணிகிறோம்.

நூலின் கருத்து எளியது. வித்திலை, தண்டிலை, புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என நாம் தனித்தனியே பெயரிட்டு வழங்கும் உறுப்புகள் யாவும் ஒரே அடிப்படை உறுப்பின் மாற்றுருவங்கள். அதற்கு அவர் ‘இலை’ என்று பெயரிடுகிறார். விரிந்தும் சுருங்கியும் மாறி மாறிச் சென்று அது கனியை அடைகிறது. லின்னேயஸ் மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளை வகைப்படுத்தினார். கதேயோ ஓர் உறுப்பு மற்றொன்றாகும் இடங்களைத் தேடிச் சென்றார். பூத்த பூவின் நடுவினின்று மீண்டும் தண்டு கிளம்பிய ரோசாவை விவரிக்கும் பத்திகளே நூலின் சிறந்த பகுதி என்போம். பிறர் பிறழ்வென்று ஒதுக்கியதில் அவர் விதியைக் கண்டார். பீடத்திற்கு மலர் கொய்யும் அன்பர்கள் அடுக்குச் செம்பருத்தி ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டும். பாதி தாளாகவும் பாதி இதழாகவும் நிற்கும் உறுப்புகள் அதில் அகப்படும்.

1786இல் இத்தாலி சென்ற கதே, புனித அந்தோணியாரால் நாம் நன்கறிந்த பதுவை நகரின் தாவரத் தோட்டத்தில், ஒரு விசிறிப்பனையின் ஓலைகள் அடியிலிருந்து மேலே செல்லச் செல்லப் பிளவுபடுவதைக் கண்டு வியந்தார். 1585இல் நட்ட அம்மரம் இன்றும் நிற்கிறது. 1794இல் யேனா நகரில் அவர் தம் கொள்கையை ஷில்லருக்கு வரைந்து காட்டியபோது, அது அனுபவம் அன்று, கருத்து மட்டுமே என்று ஷில்லர் மறுத்தார். மறுப்பு நியாயமானதே. விடை கிடைக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. கடுகினத்துச் சிறுசெடி ஒன்றில் பூவுறுப்புகளை வகுக்கும் மூவகை மரபணுக்களும் செயலிழந்தால் அவ்விடங்களில் இலை போன்ற உறுப்புகளே தோன்றுகின்றன என்று 1991ஐ ஒட்டிய ஆய்வுகள் காட்டின. செடியின் சாறு படிப்படியாகத் தூய்மையுற்று மேலேறுவதால் பூ உண்டாகிறது என்னும் அவர் விளக்கம் மட்டும் நிலைக்கவில்லை.

நம் உறுத்தல் அந்த ஏணியைப் பற்றியதே. வடிவங்களின் இயலுக்குக் கதே வழங்கிய பெயரை, அதே யேனாவில் பேராசிரியராய் இருந்த ஷ்லைகர் 1859இல் மொழிக்கு எடுத்தாண்டார். (தமிழில் செடிக்குப் ‘புற அமைப்பியல்’, மொழிக்கு ‘உருபனியல்’ என்று இரு பெயரிட்டு இவ்வுறவை மறைத்துவிட்டோம்.) சீனம் போன்ற தனிநிலை மொழிகள் கீழ்ப்படி, துருக்கி போன்ற ஒட்டுநிலை மொழிகள் நடுப்படி, வடமொழி, கிரேக்கம், இலத்தீன் முதலிய உட்பிணைப்பு மொழிகள் மேற்படி என்பது அவர் வகுத்த முறை. தமிழ் ஒட்டுநிலை மொழி. கதேயின் ஏணி ஒரே செடியின் வாழ்வுக்குள் அமைந்தது. அதனை வெவ்வேறு மக்களின் மொழிகளுக்கிடையே நிறுத்தியது ஷ்லைகரின் பிழை. எனினும் அவ்வேணியைச் செய்து வைத்தவர் கதேயே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதனை எட்ட நின்று பேச நமக்கு உரிமையில்லை. குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாட்களில் ‘தொமினோரும்’ என்னும் சொல்லின் ஒரே விகுதி பன்மையையும் ஆறாம் வேற்றுமையையும் சேர்த்துச் சுமப்பது கண்டு வியந்தோம். ‘ஆண்டவர்களுடைய’ என்பது மணி கோத்ததுபோல் நீண்டு, எளியதாய்த் தோன்றிற்று. தாய்மொழியைச் சற்றே தாழ்வாக எண்ணிய இளமை நமக்கும் இருந்தது. அப்போது நன்னூலின் பதவியலை நாம் ஊன்றிப் படித்திருக்கவில்லை.

‘வந்தனன்’ என்னும் சொல்லைப் பவணந்தியார் வகுத்த முறையில் பிரித்தால் வா பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனதும் விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, ஈற்று அன் ஆண்பால் விகுதி. ஓர் ‘அன்’ பொருளின்றி நிற்க, மற்றோர் ‘அன்’ திணை, பால், எண், இடம் நான்கையும் தானே சுமக்கிறது. பகுதியும் மாறாமல் நிற்கவில்லை. மாறாத மணிகளின் கோவை என்று தமிழைச் சொன்னவர்கள் இச்சொல்லின் முன் என்ன சொல்வார்கள்? விகாரத்தையும் சொல்லின் உறுப்பாகவே எண்ணிய இலக்கணம், கதேக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது.

2009இல் அமெரிக்காவில் வந்த ஆங்கிலப் பதிப்பு வண்ணப் படங்களோடு அழகாய் இருக்கிறது. ஆயினும் படத்தைப் பார்த்தபின் செடியைத் தேடிச் செல்லும் வேட்கை தணிந்துவிடுகிறது. தமிழில் பெயர்ப்போர் முதற்பதிப்பைப் போலவே படமின்றி வெளியிடுவார்களானால் நலம். அதனைப் படிப்போர் பதவியலையும் அருகில் வைத்துக்கொள்ளட்டும்.