பொம்மைப் புலியும் ஹிரான் அபேசேகரவும்

இலங்கையில் பிறந்து, லண்டன் 'ராடா' நாடகக் கல்லூரியில் பயின்ற ஹிரான் அபேசேகர, 'லைஃப் ஒஃப் பை' நாடகத்துக்காக 2022இல் சிறந்த நடிகருக்கான ஒலிவியர் விருதைப் பெற்றார். இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றையும் நேசிக்கும் பை, நடுக்கடலில் புலியோடு அகப்படுகிறான். அங் லீயின் 2012 திரைப்படத்தில் புலியைப் பெரும்பாலும் கணினி தந்தது. மேடையிலோ அது பொம்மை. ஆட்டுவிப்போரும் கண்முன்னேயே நிற்கிறார்கள். ஆனாலும் சபை அஞ்சுகிறது. ஹிரான் அதை மெய்யாகவே பார்த்துப் பயப்படுவதுதான் காரணம். புலியை இயக்கிய ஏழு பேர் சிறந்த துணை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டதும் பொருத்தமே. 2025இல் லண்டன் தேசிய அரங்கில் அவர் ஹம்லட்டாகவும் நடித்தார்.

தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் நாம், "சத்தமாச் சொல்லு" என்றுதான் பிள்ளைகளை ஏவுகிறோம். "எதிரில நிக்கிறவனைப் பாரு" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?