முடிவு பெறாத வாக்கியங்கள்

ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒருவனை ஏளனஞ் செய்ய நேர்ந்தால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியவன்" என்பது நம்மவர் வழக்கம். 1911-ல் அங்குத் திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனை இன்று 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. பெயர் மாறியும் ஏளனம் மாறவில்லை. சித்தங் கலங்கியவரின் பேச்சு நம் நாடக மேடைக்கு நகைச்சுவை, பூசாரிக்கோ அருள்வாக்கு. அதனைப் பேச்சாகக் கேட்டவர் மிகச் சிலரே.

அவ்வாறு கேட்பதற்கு நம்மைப் பழக்கும் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தோம். டானியேல் பால் ஷ்ரேபர் என்னும் ஜெர்மானிய நீதிபதி, மனநோய் விடுதியில் இருந்தபடியே எழுதி 1903-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளே அந்நூல். கதிர்கள் தம்மோடு பேசுவதாக அவர் நம்பினார். அவை வாக்கியத்தைப் பாதியில் அறுத்துவிடுமாம். எஞ்சியதை அவர் மனமே ஓயாது நிரப்ப வேண்டுமாம். அத்தொல்லையை அடக்கப் பியானோ வாசித்தார், எண்களை எண்ணினார். சிதறலின் நடுவே நின்றுகொண்டே சிதறலின் முறையை ஆராய்ந்த இப்பகுதிகளே நூலின் உயிர்.

குறையையும் மறைப்பதற்கில்லை. கதிர்கள் மெய்யே என்பதற்கு மருத்துவ நூலையே எடுத்துக்காட்டி அவர் வாதாடுவது வாசகரைச் சோர்வுறச் செய்யும். எனினும் 1902-ல் மேல் நீதிமன்றம், நோய் இருப்பினும் தம் காரியங்களைத் தாமே நடத்த வல்லவர் எனத் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. பின்னர் நோய் மீண்டும் வந்து, 1911-ல் விடுதியொன்றிலேயே மாண்டார்.

பேச்சு மிகச் சிதறுங்கால், தன்னைத்தான் எண்ணிப் பார்க்கும் ஆற்றலும் தளர்வதுண்டு என்பர் இன்றைய ஆராய்ச்சியாளர். பொறுமையோடு கேட்டுப் பேசும் துணை கிடைத்தால் அவ்வாற்றல் மீண்டும் வளரக்கூடும் என்றும் கூறுவர். தமிழில் கோபிகிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்னும் நூலில் அத்தகையோரின் குரல்களுக்கு இடந்தந்தார். அவ்வழியில் இன்னும் பலர் எழுதுதல் வேண்டும்.

நாம் கிராணியாகப் பணிபுரிந்த தோட்டமொன்றில், பால்மரந் தொழிலாளி ஒருவரின் பேச்சு தடுமாறத் தொடங்கிற்று. பெரட்டு நேரத்தில் எல்லோரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஒருநாள் அவர், "சொல்ல வந்தது பாதியிலே அறுந்து போவுது, கிராணி ஐயா" என்றார். தம் நிலையை அவர் எவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தார் என்பது அன்று நமக்கு விளங்கவில்லை. பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தோம். ஷ்ரேபரின் நூலை மூடியபோது நினைவுக்கு வந்தவர் அவரே.