பத்துமலையில் முடியும் பாதை

மலேசியாவின் செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அடங்கிய பத்துமலையில், சுண்ணாம்புப் பாறையின் செங்குத்தான சரிவுக்கு அடியிலே வந்து முற்றுப்பெறும் இருப்புப்பாதையைப் போல, பிரயாணத்தையும் அதன் பிரயோஜனத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் பாதைகள் உலகில் மிகச் சிலவே. தம்புசாமிப் பிள்ளை என்பவர் குகையொன்றைக் கோயிலாக்க, 1892 முதல் தைப்பூசம் நடந்துவரும் இந்த மலைக்கு, அந்நாளில் கல்லுடைக்கும் தொழிலை உத்தேசித்துக் கிளைப்பாதை போட்ட வெள்ளைக்கார நிர்வாகிகள், பிற்காலத்தில் அதே தண்டவாளத்தின் வழியே காவடியும் பால்குடமும் வருமென்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

அக்கிளைப்பாதை 2010இல் இரட்டைப் பாதையாகி மின்சாரம் பெற்ற பின்னர், செந்தூலைக் கடந்து, கம்போங் பத்து, தாமான் வாயு என்று ஒவ்வொன்றாக நின்று வரும் கம்யூட்டர் ரயிலிலே, அர்ச்சனைத் தட்டேந்திய பாட்டியும் புகைப்படக் கருவி தாங்கிய ஐரோப்பியரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வருகின்றனர். தைப்பூசத்திலோ இரவு பகல் பேதமின்றி வண்டிகள் ஓடுகின்றன. 140 அடி உயர முருகனையும் 272 படிகளையும் நாடி இறங்குகிறவரை, வெளிவாயிலுக்கு அருகே முதலில் எதிர்கொள்பவர் பச்சை வண்ண அநுமார்தாம் என்பது பத்துமலை ரயில் நிலையத்தின் தனி ரசம்.

கட்டடம் புதியது, சிற்ப விசேஷமும் இல்லாதது. ஆயினும் யாத்திரிகரை ஸ்தலத்தின் வாசலிலேயே இறக்கிவிடுவதைவிட ஒரு நிலையத்துக்கு வேறென்ன அழகு வேண்டும்?