அடகுக் கடையில் ஒரு பாவசங்கீர்த்தனம்

போரைக் காட்டும் திரைப்படங்கள் பெரும்பாலும் நமக்கு ஒரு வசதியைச் செய்து தருகின்றன. கொடியவன் யார், நல்லவன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துவிடுகின்றன. நாமும் நல்லவன் பக்கம் அமர்ந்து பார்த்துவிட்டு, மனச்சான்று உறுத்தாமல் வீடு திரும்புகிறோம். அந்த வசதியை மறுக்கும் படங்கள் சிலவே. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 2012இல் அளித்த ‘ஒப நத்துவ ஒப எக்க’ அவற்றுள் ஒன்று. ‘நீ இல்லாமல், உன்னோடு’ என்பது அதன் பொருள்.

தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய கதை ஒன்றின் தழுவல் இது. இலங்கையின் மலைநாட்டுச் சிற்றூரில் அடகுக் கடை நடத்துகிறான் சரத்சிறி. போரினால் வடக்கிலிருந்து வந்து ஒதுங்கிய தமிழ்ப்பெண் செல்வி, நகை அடகு வைக்க வருகிறாள். அவளை அவன் மணக்கிறான். பின்னரே அவன் முன்னாள் இராணுவ வீரன் என்பது அவளுக்குத் தெரிகிறது. அவளுடைய சகோதரர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டவர்கள். 2009 மே மாதத்தில் முடிந்த போர், அந்தச் சிறு வீட்டுக்குள் மீண்டும் தொடங்குகிறது.

சரத்சிறி அரக்கன் அல்லன்; அவன் அன்பு மெய்யானது. தன் கடந்த காலத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக்காக ஏங்குகிறான். ஆனால் மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றும் சேர்ந்ததே நிறைவான பாவசங்கீர்த்தனம் என்று மறைக்கல்வியில் படித்தோம். அவளை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவனுக்கு உண்டு; இறந்தவர்களுக்கு நீதி செய்யும் வழியோ அவனிடம் இல்லை. இறந்தவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை செல்விக்குத்தான் உண்டா? விடையின்றி, அவளுடைய சாவில் படம் முடிகிறது. மன்னிப்பை வெகு எளிதாகப் போதித்துவிடும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1987இல் எடுத்த ‘போய் வருகிறேன், குழந்தைகளே’ என்னும் படமும் இங்கு நினைவுக்கு வருகிறது. நாசிகளின் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சில், யூதச் சிறுவர்களைத் தம் பள்ளியில் ஒளித்து வைக்கிறார் ஒரு குரு. அதே குரு, வசதியுள்ள மாணவர்களும் பங்குகொண்ட குற்றத்துக்காக ஏழைச் சமையற்கூட வேலையாளை மட்டும் வெளியேற்றுகிறார். அவனே காட்டிக்கொடுப்பவனாகிறான். புனிதமான ஒரு மனிதர் செய்த சிறிய அநீதியின் வழியாகப் பெருந்தீமை உள்ளே நுழைகிறது.

விதானகேயின் படத்தில் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. கணவனின் உள்ளம் நமக்குத் திறந்து காட்டப்படும் அளவுக்குச் செல்வியின் உள்ளம் காட்டப்படவில்லை. மூலக்கதையும் கணவன் சொல்வதாகவே அமைந்தது. பேச வேண்டியவள் மௌனமாகவே போய்விடுகிறாள்.

2014 ஜூனில் மிரட்டல்களால் சென்னையில் இப்படத்தின் திரையிடல் நிறுத்தப்பட்டது. சிங்கள வீரனின் துயரைக் காட்டுவது அவன் குற்றத்தைக் கழுவிவிடும் என்ற அச்சம் பொருளற்றதன்று. எனினும் இப்படம் அவனை விடுவிக்கவில்லை; மனிதனாகக் காட்டுவதனாலேயே பொறுப்பாளியாக நிறுத்துகிறது. அரக்கனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை; மனிதனிடமே கேட்க முடியும்.

நம் கொங்கு மண்ணில், பவானிசாகரிலும் அரச்சலூரிலும், ஈழத்தமிழர் முகாம்கள் பல்லாண்டுகளாக இருந்து வருகின்றன. அங்கே வாழும் செல்விகளிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுமுன், அவர்கள் சொல்வதைக் கேட்க நாம் எத்தனை முறை அமர்ந்திருக்கிறோம்?