சிவப்பாய்த் தெரியும் பச்சை

செயற்கைக்கோள் எடுக்கும் அகச்சிவப்புப் படத்தில் பயிர் செக்கச்செவேலென்று இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை இலைகள் ஏராளமாகத் திருப்பி அனுப்புவதால், அதற்குச் சிவப்பைக் கொடுத்துப் படமாக்குகிறார்கள். அதில் திருப்பூரைத் தேடிப் பார்ப்பது எனக்கு அலுக்கவே அலுக்காது. ராயபுரம் பக்கம் நீலம் கலந்த சாம்பல்; வீடும் பனியன் கம்பெனியுமாக ஒரே கூரை. ஊரைத் தாண்டினால்தான் சிவப்பு தலைகாட்டும்.

புவியியல் தகவல் முறைமையின் அழகே அடுக்குகள்தான். அடியில் இந்தப் படம். அதன்மேல் சர்வே எண்களோடு புல எல்லைகள், அதற்கும் மேல் நொய்யல் ஆறு, குளம், கிணறு. அந்த ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கிணற்று நீரின் உப்பளவை ஜிபிஎஸ் புள்ளியாக வைத்தால், எந்தக் காடு எவ்வளவு கெட்டது என்று சர்வே எண்ணோடு சொல்லலாம். நட்டப்பட்ட விவசாயிக்கு அது பெரிய பலம்.

ஆனால் நான் வியப்பது எல்லை வரைபவரின் கையை. பக்கத்துப் பக்கத்து வயல்களின் கோடு நூலிழை விலகினாலும், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கீற்று முளைத்துவிடும். திரையைப் பெரிதாக்கி, முனையோடு முனையைப் பொருத்தி, அதை அவர் மூடிக்கொண்டே போகிறார்.