‘அர்த் சத்யா’: காக்கிச் சட்டையும் வீட்டு வாசலும்

தமிழ்ச் சினிமாவிற் பொலிஸ் அதிகாரி பெரும்பாலும் கடமையின் திருவுருவாகவே படைக்கப்பட்டு வந்துள்ளான். 1974இல் பி. மாதவன் நெறிப்படுத்திய ‘தங்கப்பதக்கம்’ இதற்குத் தக்க சான்றாகும். சிவாஜி கணேசன் ஏற்ற அதிகாரி, நெறிதவறிய மகனைத் தன் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார். தந்தையின் அதிகாரமும் சீருடையின் அதிகாரமும் அங்கே ஒன்றாகின்றன. அவ்வொருமையைப் படம் அறமெனப் போற்றுகின்றது. ஒன்பது ஆண்டுகளின் பின் வெளிவந்த ‘அர்த் சத்யா’ என்னும் இந்தித் திரைப்படம் அதே ஒருமையை நோயெனக் கண்டது. அந்நோயை அது எத்துணை தூரம் ஆராய்ந்துள்ளது என்பதே ஈண்டு எமது வினா.

எஸ். டி. பன்வல்கரின் கதையொன்றைத் தழுவி விஜய் தெண்டுல்கர் திரைக்கதை எழுத, கோவிந்த் நிஹலானி இதனை நெறிப்படுத்தினார். நாயகனான அனந்த் வேலன்கர் (ஓம் பூரி) பம்பாயில் உப பொலிஸ் பரிசோதகன். மேற்படிப்பை விரும்பிய அவனைப் பொலிஸ் சேவையினுள் தள்ளியவர், தாமும் பொலிசிற் பணியாற்றி ஓய்வுபெற்ற தந்தை (அம்ரிஷ் பூரி). அற்பக் காரணங்களுக்கெல்லாம் மனைவியை அறைபவர் அவர். அதனைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனே வளர்ந்து சீருடை அணிகிறான். ராமா ஷெட்டி என்ற செல்வாக்குள்ள குற்றவாளியைத் தொட முடியாத அவனது இயலாமை, சிறிய வானொலிப் பெட்டியொன்றைத் திருடிய ஏழைமீது பாய்கிறது. தடுப்பறையில் அவ்வேழை அடிபட்டே இறக்கிறான்.

வலியாரிடம் அடங்கியவன் மெலியார்மீது பாய்வான் என்பதைப் பலர் கூறியுள்ளனர். அந்தக் கையோங்கலை மகன் எங்கே கற்றான் என்று கேட்டமையே தெண்டுல்கரின் தனிச்சிறப்பு. சமையற்கட்டின் அறைக்கும் தடுப்பறையின் அடிக்கும் இடையே அவர் இட்ட கோடு அழுத்தமானது. ஓம் பூரியின் நடிப்பும் அதற்கு உறுதுணை. குற்றத்தைச் செய்தவனின் திகைப்பை அவர் முகம் காட்டுகிறதேயன்றி, எம்மிடம் மன்னிப்பை இரப்பதில்லை. இந்நடிப்பிற்காக அவர் இந்திய தேசிய விருதும் பெற்றார்.

ஆயினும் ஒரு குறையை நாம் சுட்டாதிருக்க முடியாது. அடிபட்ட தாய், மகனின் மனக்காயத்திற்கு விளக்கமாக வருகிறாளேயன்றித் தனக்கென ஒரு வழக்குடையவளாக வருவதில்லை. விரிவுரையாளரான ஜோத்ஸ்னா (ஸ்மிதா பாட்டில்) அனந்தின் மாற்றத்தைக் கண்டு விலகிச் செல்லும் உரிமை படைத்தவள். தாய்க்கோ போக்கிடம் இல்லை. கணவனே பொலிஸ்காரனாயின் அவள் எங்கே சென்று முறையிடுவாள்? இக்கேள்வியைப் படம் எழுப்பவில்லை.

கொழும்பிலிருந்து இப்படத்தைப் பார்ப்போர்க்கு இம்மௌனம் உறுத்தும். எமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றிற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பாதிக்கப்பட்டவள் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே பொலிசாரே, 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நள்ளிரவிற் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்ட சீருடையை நினைவில் வைத்திருக்கும் ஒரு தெருவில், கணவனிடம் அடிபட்ட பெண் அச்சீருடையிடமே முறைப்பாடு எழுதக் கொடுப்பது எளிதன்று. அம்முறைப்பாட்டினைத் தன் மொழியிற் பதிவுசெய்ய ஆளில்லாதபோது அச்சம் இரட்டிக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐவரில் ஒருவர், துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளானவர்.

பிற்காலத் தமிழ்ப் படங்களான ‘விசாரணை’யும் ‘ஜெய் பீம்’உம் தடுப்பறையின் கொடுமையை அஞ்சாது காட்டின. இவை வரவேற்கத்தக்கன. எனினும், அடித்த அப்பொலிஸ்காரர் பணிமுடிந்து வீடு திரும்பியபின் என்ன செய்கின்றனர் என்பதை இவையும் பின்தொடரவில்லை. நிஹலானியின் கமெரா அவ்வீட்டு வாசல்வரை சென்றது என்பதாலேயே நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அவர் படத்தை மீண்டும் எடுத்துப் பேசுகிறோம். இறுதிக் காட்சியில் அனந்த், ராமா ஷெட்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுப் பொலிஸ் நிலையத்திற் சரணடைகிறான். கொலைக்கு அங்கே பதிவு உண்டு. தாய் பட்ட அடிகள் எந்நிலையத்துப் புத்தகத்திலும் ஏறவில்லை.